கண் முன்னாலதான் முழுங்கணும்

"மருமவளும் வேணாம், மாத்திரையும் வேணாமா?"

இளவரசி கேட்டதும் எதிர்வீட்டு கீர்த்தியம்மா கீரை ஆய்வதை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

அத்தை தாயாரம்மாள் நிமிரவில்லை. தன் பாட்டுக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

இளவரசி பிறந்த அன்றைக்கே 'இவதான் எம் மருமவ' என்று நாக்கில் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைத்தவள். போன மாசம், பத்திரிகை அடிக்கப் போகிற நேரத்தில், "எம் புள்ள விஜய்க்கு டவுனுப் பொண்ணுதான் வேணும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். இளவரசியின் அப்பா சடையப்பன் அக்கா காலில் விழாத குறை. காவாந்தண்டலம் ஊரே காறித் துப்பியது.

இன்றைக்கு ஊருக்கே யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுக்கும் நாள். இந்தத் தெருவுக்குக் கொடுக்கவேண்டியவள் இளவரசிதான். கையில் கொடுத்துவிட்டு வந்தால் போதாது, கண் முன்னால் முழுங்க வைக்கவேண்டும்.

"சீக்கிரம் அத்தே. இன்னும் பத்து வூடு கீது."

"உள்ள வா."

தாயாரம்மாள் அரிசி டிரம்முக்குள் கைவிட்டு ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தாள். "படி. அந்த மாத்திரை எனக்கு ஆவாதாம்."

படித்தாள். "இன்னா அத்தே... இதயம் வீங்கி கீதா?"

"ஆமாண்டி. எனக்கு ஏன் இது வந்துச்சுன்னு கேட்டேன். வம்சத்துல வர்ற நோவா இருக்கலாம்மா, சொந்தத்துல மட்டும் கட்டிடாதீங்க, பொறக்கற கொயந்தைக்கு ரெண்டு பக்கமும் சேந்துக்கும்னாரு டாக்டரு."

"இத அப்பாகிட்ட சொல்லித் தொலைக்கறதுதானே? எதுக்கு ஊர்கிட்ட இவ்ளோ ஏச்சு வாங்கறே?"

"ஒங்கப்பன் வாயில எது நிக்கும்? அந்த வம்சத்துக்கே நெஞ்சு நோவுன்னு ஊரு பேசினா, அப்பறம் ஒன்ன எவன்டி கட்டுவான்?" தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "அது கெடக்கட்டும், நீ முழுங்கினியா? எங் கண்ணு முன்னால முழுங்கு."

முழுங்கினாள்.

வெளியே வந்ததும் கீர்த்தியம்மா விடவில்லை. "இன்னாடி, டவுனு மாமியா முழுங்கினாளா?"

இளவரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முழுங்கினாங்கக்கா. ஒரு மாசமா முழுங்கிகினுதான் கீறாங்க."