மூன்றாவது வரி

சின்னவள் முதலில் டிரம்ஸை ஃப்ரீஸ் செய்தாள். பிறகு வயலின்களை. பிறகு புல்லாங்குழலை.

திரையில் ஒவ்வொரு ட்ராக்காக நீலம் மங்கிச் சாம்பல் நிறமானது.

பழைய கம்ப்யூட்டர். எல்லா ட்ராக்கையும் ஒன்றாக ஓடவிட்டால் பாதிப் பாட்டில் முழி பிதுங்கி நின்றுவிடும். ஃப்ரீஸ் செய்தால், ஒரு ட்ராக்கில் அதுவரை செய்த வேலையெல்லாம் சேர்ந்து ஒரே ஒலியாகப் பதிந்துவிடும். அதன்பின் அதைக் கேட்கலாம். தொட முடியாது.

மிச்சம் இருந்தது அக்காவின் குரல்.

குரலை மட்டும் அவர்கள் ஃப்ரீஸ் செய்வதில்லை. இந்த அறையை வாடகைக்குப் பிடித்த நாள்முதல் அதுதான் வழக்கம். அக்கா பாடுவாள், சின்னவள் மிக்ஸ் செய்வாள். பாட்டை அனுப்பப் போகும் நேரத்தில் அக்கா ஓடி வந்து, அந்த நீட்டலைக் கொஞ்சம் இறக்குடி என்பாள். அதற்காகவே குரல் கடைசிவரை திறந்து கிடக்கும்.

சின்னவள் அம்புக்குறியைக் குரலின் மேல் வைத்தாள். மனதில் ஒன்றும் தோன்றவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதும் இப்படித்தான் இருந்தது.

அழுத்தினாள்.

கம்ப்யூட்டரின் விசிறி இரைய ஆரம்பித்தது. பச்சைக் கோடு ஆடி அசைந்து நகர்ந்தது.

தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின நாள் அக்கா பாடிய பாட்டு. மூன்றாவது வரியில் மேலே ஏறும் இடத்தில் அக்காவின் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. சுருதி கொஞ்சம் விலகினால் மென்பொருள் இழுத்துச் சேர்த்துவிடும். சுருதியே இல்லாத இடத்தில் அது எதைப் பிடித்து இழுக்கும்?

குரல்நாணில் வளர்ந்திருந்ததை எடுத்துவிட்டார்கள். பேச்சு வந்துவிடும் என்றார் டாக்டர். பாட்டு என்று அம்மா ஆரம்பித்ததும் அவர் கை கழுவப் போனார்.

பாட்டைக் கேட்டிருந்த படத்தின் இயக்குநருக்கு இதெல்லாம் தெரியாது. "பாட்டு சூப்பர் மேடம். அந்த ஒரு வரிய மட்டும் அக்காவ இன்னொரு தடவ பாடச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேல" என்றார் போனில். அக்காவுக்கு நேரமில்லை என்றால் வேறு ஒருவரை வைத்து முழுப் பாட்டையும் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

சின்னவள் அதை அக்காவிடம் சொல்லவில்லை.

நேற்று அம்மா அக்காவைத் தொண்டையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தபோது, மைக்கின் முன்னால் இவளே போய் நின்றாள். போனில் பேசுவது மூத்தவளா இளையவளா என்று சித்திக்கு இன்றைக்கும் குழப்பம்தான். ஆனால் பாட்டென்றால் இவளுக்குக் குளியலறையோடு சரி. திரும்பத் திரும்பப் பாடினாள். தொண்டை எரிந்தது. ஒன்றை எடுத்து, மூன்றாவது வரியை வெட்டி, அந்த இடத்தில் ஒட்டினாள்.

கதவு திறந்தது. கழுத்தைச் சுற்றித் துணியோடு அக்கா உள்ளே வந்தாள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்க வேண்டும் என்று காலையிலேயே சைகை காட்டியிருந்தாள்.

பின்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, இரையும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"என்னவிட இதுக்குத்தான் ரொம்ப மூச்சு வாங்குது." மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பதுபோல ஒரு குரல்.

சிரிக்க வேண்டிய இடம். சின்னவள் சிரித்தாள்.

பச்சைக் கோடு முடிந்தது. குரலும் சாம்பலானது. வெட்டும் ஒட்டும் மறைந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே பட்டை.

அக்கா திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"குரலையுமா?"

"மெஷின் தாங்கலக்கா."

விசிறி அடங்கிவிட்டிருந்தது.

சின்னவள் பாட்டை ஓடவிட்டாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சுருதி எங்கே பிசகினாலும் அவளுடைய கட்டைவிரல் ஆள்காட்டி விரலை அழுத்தும். அவளுக்கே தெரியாத பழக்கம். சின்னவள் பாட்டைக் கேட்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வரி. இரண்டாவது.

மூன்றாவது வந்தது. போனது.

விரல் அசையவில்லை.

பாட்டு முடிந்த பிறகும் அக்கா கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"அந்த எடம் ஒடஞ்சிருச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். பரவால்ல, நல்லாத்தான் பாடியிருக்கேன்."

"ம்."

"ம்" என்றது தன் வாய்தானா என்று சின்னவளுக்குச் சந்தேகமாக இருந்தது. மெயிலைத் திறந்தாள். இயக்குநரின் முகவரியைத் தட்ட ஆரம்பித்தாள்.

அக்கா எழுந்து வந்தாள். சின்னவளின் தோளுக்கு மேலே கையை நீட்டி, மவுஸை வாங்கி, குரலின் ஃப்ரீஸை எடுத்தாள்.

நீலம் திரும்பி வந்தது. மூன்றாவது வரியின் இரண்டு பக்கமும் வெட்டு பளிச்சென்று தெரிந்தது.

அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை. பாடும்போது மாட்டிக்கொள்ளும் தன் ஹெட்போனைக் கொக்கியிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, தங்கையிடம் நீட்டினாள்.

"அந்த வரிக்கு நடுவுல மூச்சு எடுக்காதடி. நான் எடுக்க மாட்டேன். முன்னாடியே நல்லா இழுத்து வச்சுக்கோ."