நூற்றைம்பதாவது அடி

"காத்து ஏறிட்டு அண்ணாச்சி. ரப்பர் பை உப்பிப் பாறையக் கவ்விப் பிடிச்சிட்டு. இனி ஒரு சொட்டு மேலயும் ஏறாது, கீழயும் இறங்காது" என்றான் இசக்கிமுருகன், கம்ப்ரசரை நிறுத்தியபடி. உப்பு ஊற்றை அடைக்கும் வேலைக்கென்றே பேட்டையிலிருந்து வந்தவன்.

நேசையா தலையாட்டினார். அவர் தம்பி ஜாஸ்பர் ஆழ்துளைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான்.

"எத்தன அடியில நிக்கிண்ணே?"

"நூத்தம்பதுல. உப்பு ஊத்து தொண்ணூறுல, நல்ல ஊத்து இருநூறுல. ரெண்டும் கலந்துதான இத்தன நாளா லேசாக் கரிச்சிச்சு? இப்பம் ரப்பருக்கு மேல உப்பு, கீழ நல்லது."

"சிமென்ட் விடலயா?"

"மொதல்ல ருசி பாப்போம்லே. சிமென்ட் எறுகிட்டா பொறவு ஒண்ணும் செய்ய முடியாதுல்லா."

ராதாபுரத்துக்குத் தெற்கே அந்த நாலு ஏக்கர், அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. கேன் தண்ணீர் கம்பெனிக்காரர் குமரகுருபரன் அதைக் கேட்டிருந்தார். தண்ணீர் நன்றாக இருந்தால் உடனே கிரயம். உப்பென்றால் அந்தத் திசைக்கே கும்பிடு.

விற்றுவிட்டால் நேசையா அதிலுள்ள தன் முருங்கைத் தோட்டத்தை விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் தம்பி வீட்டு மாடியில் போய் இருக்க வேண்டும். அதில் அவருக்கு இஷ்டமில்லை. ஆனாலும் மறுபேச்சுப் பேசவில்லை. பேட்டைக்குப் போய் ஆளைக் கூட்டிவந்ததே அவர்தான். தம்பி சொல்லைத் தட்டாதவர் என்று ஊரில் பெயர்.

"ஒனக்கு மனசுல சங்கடம் ஒண்ணும் இல்லயேண்ணே?"

"இருக்கத்தான் செய்யும். அதுக்காவ ஒங்கூடச் சண்டையா பிடிக்க முடியும்?"

பத்து மணிக்குக் குமரகுருபரன் காரில் வந்து இறங்கினார். கிணற்றுக்குள் இறக்கியிருந்த மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, டம்ளரில் பிடித்து ஒரு வாய் குடித்தார். குடித்த வேகத்தில் துப்பினார்.

"இதுக்கு உவரிக் கடல்லயே மோந்துக்கிடலாம் வே!"

கையில் கொண்டுவந்த, உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் முக்கினார். அது காட்டிய எண்ணைப் பார்த்ததும் காரில் ஏறினார்.

ஜாஸ்பர் இசக்கிமுருகன் மேல் பாய்ந்தான். "என்னவே வேல பாத்திருக்கீரு? முந்தி இம்புட்டுக் கரிக்கலயே!"

இசக்கிமுருகன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவர ஏம்லே வையுத?" என்றார் நேசையா. "நம்ம பூமி வாகு அப்படி."

"இனி இத எவன் வாங்குவான்? நீயே முருங்கய வச்சிக் கட்டிக்கிட்டுக் கெட!"

ஜாஸ்பர் பைக்கை உதைத்துக் கிளப்பினான். சத்தம் தார் ரோட்டைத் தாண்டி ஓயும்வரை நேசையா அசையாமல் நின்றார். பிறகு பைய இசக்கிமுருகன் பக்கம் திரும்பினார்.

"மோட்டார ரப்பருக்கு மேல வச்சது போதும் வே. இனி காத்த எடுத்துட்டு அதக் கீழ இறக்கி, மறுபடி காத்தடிச்சி, சிமென்டையும் இன்னைக்கே விட்டுரும்."