முதலாளியின் கண்

நாளை இரண்டாவது கடை திறப்பு. பேனர் அச்சடிக்கும் அந்த முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. படத்தைப் பக்குவப்படுத்தி மெஷினுக்கு அனுப்பும் சாஃப்ட்வேரை இன்றே முடிவு செய்தாக வேண்டும். விற்பனையாளர் ஒரே தக்காளிச் செடிப் படத்தை இரண்டு சாஃப்ட்வேரிலும் ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருந்தார்.

"முதலாவதையே எடுத்துக்கலாங்க, என்னா வேகம்!" என்றாள் மனைவி.

"இல்ல, ரெண்டாவதுதான். அதோட கலரை அளந்து நம்பர் சொல்ற கருவியும் வருதே!"

விற்பனையாளர் சிரித்தார். "உங்க கண்ணுக்குக் கருவி எதுக்கு சார்? சிவப்பு ஒரு துளி கூடினாலும் பிடிச்சிடுவீங்கன்னு ஊரே சொல்லுது."

"இருக்கட்டும். ரெண்டாவதையே போடுங்க!"

விற்பனையாளர் போனதும் மனைவி இடுப்பில் கை வைத்தாள். "அப்படி என்னங்க பிடிவாதம்?"

"நாளையிலேர்ந்து நீ அந்தக் கடைக்குப் போயிடுவ. இங்க நான் தனியா..." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் பொறந்ததுலேர்ந்தே சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். இதுல பழுத்த தக்காளி எது, காய் எதுன்னே தெரியல. பன்னிரண்டு வருஷமா பேனரோட அந்த முனையை நீதானே பிடிக்கிற? நான் பேனரைப் பாத்ததே இல்ல, உன் முகத்தைத்தான் பாப்பேன். சிவப்பு கூடினா உன் புருவம் தானா மேல ஏறும்."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தானா ஏறுதா? பன்னிரண்டு வருஷமா நான்ல தூக்கிக் காட்டிட்டிருக்கேன்!"