உள்ளேன் ஐயா

“டேய் வில்லியம்! எத்தனை வருஷமாச்சுடா!”

சாந்தோம் வீட்டு வாசலில் இன்னாசி என்னைக் கட்டிக்கொண்டான். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

“பவுல்சாமி வாத்தியார் தலையை நிமிர்த்தாமலே பேர் கூப்பிடுவாரே, ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“மறக்க முடியுமா? கடற்கரைக்கு ஓடிப்போன நாலு பேருக்கும் நான்தானே குரல் கொடுத்தேன்!”

“நாலு பேருக்கும் நாலு குரல். இப்ப வருமா?”

“இன்னாடா இப்படிக் கேட்டுட்டே? இப்ப பொம்பளைக் குரல்கூட வரும்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இருமலோடு ஒரு கிழவர், மூக்கால் பேசும் ஒரு பெண், கீச்சென்று ஒரு சிறுமி என்று ஆறு பேர் அடுத்தடுத்து “உள்ளேன் ஐயா” என்றார்கள். நான் கைதட்டினேன்.

“இன்னாசி, யுத்தம் வந்ததுலேர்ந்து நான் ரேஷன் இன்ஸ்பெக்டர். உன் கார்டுல ஆறு பேர் இருக்கு. போன வாரம் எங்க குமாஸ்தா சரிபார்க்க வந்தப்ப, வீட்ல அம்மை போட்டிருக்கு, வாசல்ல நின்னே பேர் கூப்பிடுங்கன்னு சொன்னியாம்.”

உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

“ஆறு பேரும் பதில் சொன்னாங்களாம். ஆனா ஆறு பேரும் ‘உள்ளேன் ஐயா’ன்னாங்களாம். வீட்ல எவன்டா அப்படிச் சொல்லுவான்?”

பட்டியலை எடுத்து, குடும்பத் தலைவர் பெயரைக் கூப்பிட்டேன்.

“இன்னாசி!”

எனக்குத் தெரிந்து முதல் தடவையாக இன்னாசி ஆப்சென்ட்.