நான்காவது மதிப்பீட்டாளர்

"மூணு பேருமே போடலாம்னு எழுதிட்டாங்க சார். இன்னும் யாரைக் கேக்கணும்?"

துணை ஆசிரியையின் குரலில் மரியாதை இருந்தது, பொறுமை இல்லை. மருத்துவ ஆய்விதழின் தலைமை ஆசிரியர் கட்டுரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, நான்காவதாக ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்பச் சொன்னார்.

கைகால்களை மெல்ல முடக்கும் நரம்பு நோய் ஒன்றுக்கு இருப்பது ஒரே மாத்திரை. அதை விழுங்கியவர்களுக்கும், அதே நிறத்தில் மருந்தே இல்லாத மாத்திரையை விழுங்கியவர்களுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை என்று நிறுவியிருந்தது அந்தக் கட்டுரை. அது வெளிவந்தால் ஆயிரக்கணக்கானோர் வீண் நம்பிக்கையையும், அந்த மாத்திரை தரும் ஓயாத குமட்டலையும் விட்டொழிப்பார்கள். வெளிவரும்வரை அலுவலகத்தைத் தாண்டி ஒரு சொல் கசியக்கூடாது.

நான்காமவரும் போடலாம் என்றார். ஆசிரியர் அட்டவணைகளைத் தாமே உட்கார்ந்து கூட்டினார். ஓர் அடிக்குறிப்பில் தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு கிடைத்தாற்போல் அதைப் பற்றிக்கொண்டு கட்டுரையாளர்களிடம் விளக்கம் கேட்டார். திருத்தி அனுப்பினார்கள், முடிவு இம்மியும் அசையவில்லை.

அலுவலகம் முணுமுணுத்தது. மருந்துக் கம்பெனிப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது போலும் என்றார் மெய்ப்புத் திருத்துபவர். கேட்டவர்கள் மறுக்கவில்லை.

அன்று மாலை துணை ஆசிரியை கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வேண்டியவங்க சம்பந்தப்பட்டிருந்தா ஒதுங்கிக்கணும்னு விதி போட்டதே நீங்கதான் சார். அந்தக் கம்பெனியில உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"கம்பெனியில யாரும் இல்லம்மா."

"அப்ப இதுல என்னதான் தேடுறீங்க?"

"தப்பு. இத்தனை பேர் பாத்தும் கண்ணுல படாம ஒரு தப்பு இருந்துடாதான்னு பாக்குறேன்."

"இருந்தா நோயாளிக்கு என்ன லாபம்? கம்பெனிக்குத்தான் லாபம்."

அவர் கட்டுரையை மூடி ஓரமாக வைத்தார். பிறகு கணினியில் 'ஏற்கப்பட்டது' என்ற கட்டத்தை அழுத்தி, அடுத்த இதழில் முதல் கட்டுரையாகப் போடச் சொன்னார். ஒருவழியாக மனிதரை வழிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்ற நிறைவோடு துணை ஆசிரியை எழுந்து போனாள்.

அவர் வீடு சேர்ந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியிலிருந்த மனைவி, விரல்கள் மடங்க மறுத்ததால், குழந்தையைப் போல் வாயைத் திறந்து காட்டினாள். கட்டுரையில் பெயர் கண்ட அதே மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, அவர் அவளுடைய நாவில் வைத்தார்.

"கட்டைவிரல் இன்னைக்கு லேசா அசைஞ்ச மாதிரி இருந்துதுங்க," என்றாள் விழுங்கிவிட்டு. "மருந்து வேலை செய்யுது, இல்ல?"

தண்ணீர்க் குவளையை அவள் உதட்டில் பிடித்தபடியே அவர் சொன்னார்: "செய்யுதும்மா."