இடது கைதானே

டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றி மேசை மேல் வைத்து, இடது கையால் எடுக்கச் சொன்னார்.

ஜோதி விரல்களைக் கொண்டுபோனாள். கட்டைவிரல் வந்தது. ஆள்காட்டி விரல் பாதி வழி வந்து நின்றுகொண்டது. மற்ற மூன்றும் நமக்கென்ன என்று இருந்தன.

மூடி உருண்டு கீழே விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் இளவரசன் குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்துத் திரும்ப வைத்தான்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அந்தக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்து நான்கு மாதம் ஆகிறது. ஃபிஸ்டுலா என்று பெயர். முழங்கைக்குப் பக்கத்தில் தோலுக்கு அடியில் சதா விர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் வலது கையால் தொட்டுப் பார்ப்பாள். ஓடினால் சரி, இன்றைக்கும் ஆள் இருக்கிறாள்.

ஃபிஸ்டுலா நன்றாகத்தான் இருந்தது. கைதான் கெட்டுவிட்டது.

ரத்தத்தை அது இழுத்துக்கொண்டதில், விரல்களுக்குப் போகும் நரம்பு பட்டினி கிடந்து அடிபட்டுவிட்டது என்றார்கள். ஆபரேஷன் முடிந்த அன்றே விரல்கள் மிளகாய் அரைத்த கை போல எரிய ஆரம்பித்தன. அதோடு மரத்தும் போயின. மரத்துப்போனது எப்படி வலிக்கும் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி ஜோதிக்கு அலுத்துவிட்டது.

சில்லிட்டுப் போகும்போது இளவரசனின் பழைய சாக்ஸை மாட்டிக்கொள்வாள். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் யாரும் இடித்துவிடாதபடி, வலது கையால் இடது கையை ஏந்திக்கொண்டு நிற்பாள். புடவைத் தலைப்பை மேலே போர்த்தியிருப்பதால், கைக்குழந்தை என்று நினைத்துச் சிலர் எழுந்து இடம் கொடுப்பார்கள். கிட்டே போனதும் குழந்தை இல்லை என்று தெரிந்து அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்தால் அவளுக்கே சிரிப்பு வரும்.

துணி தைப்பது அவள் பிழைப்பு. பிழைப்பு என்பதைவிடப் பெருமை. ஜோதி வெட்டிய ரவிக்கை தோளில் உட்காருவது போல மலைக்கோட்டைக் கடைகளில் தைத்ததுகூட உட்காராது என்று தெருவே சொல்லும். நான்கு மாதமாக ஒரு ரவிக்கைகூட வெட்டவில்லை. வாங்கி வைத்த துணிகளைக் கவர் கவராகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தையல் மிஷின் மேல் இளவரசனின் ஹெல்மெட் குடியேறியிருந்தது.

எதிர்வீட்டு ஹாஜிரா துணியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது, "நல்லவேளை ஜோதி, இடது கையோட போச்சு" என்றாள். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் சண்டைக்கா போக முடியும்? ஆமாம் என்று தலையை ஆட்டி வைப்பாள்.

இன்றைக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும். ஃபிஸ்டுலாவைக் கட்டி மூடினால் கையில் பாதியாவது திரும்பி வரலாம். ஆனால் வலது கையில் புதிதாக ஒன்று போட்டு, அது தேறும்வரை மறுபடி கழுத்தில் டயாலிசிஸ் குழாயோடு கிடக்க வேண்டும். மூடாமல் விட்டால் இந்த எரிச்சலோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். கழுத்துக் குழாய்க்கெல்லாம் ஜோதி பயப்படவில்லை. மறுபடி துணி வெட்டுவோமா, மாட்டோமா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினார்.

"நீங்க வலது கைக்காரங்கன்னு எழுதியிருக்கு. அதனாலதான் இடது கையில போட்டோம். புழங்குற கையா இருந்தா இன்னிக்கே மூடச் சொல்லிடுவேன். இடது கைதானே, பொறுத்துக்கலாம்."

ஜோதி நிமிர்ந்தாள். டயாலிசிஸ் என்றால் எல்லாருக்கும் இடது கையில்தான் போடுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள் என்பது தெரியாது. அவளை யாரும் கேட்கவில்லை.

"நான்தான் ஃபார்ம் எழுதிக் கொடுத்தேன்" என்றான் இளவரசன். "நீ அப்ப உள்ள டயாலிசிஸ்ல படுத்திருந்த." ஒரு கேள்வி விடாமல் நிரப்பிக் கொடுத்த பெருமை அவன் குரலில் இருந்தது.

ஜோதிக்குக் கோபம் வந்தது. விரல் எரிவது ஒரு நிமிஷம் மறந்தே போயிற்று.

இடது கையை வலது கையால் தூக்கி மேசை மேல் வைத்தாள்.

"கத்தரி பிடிக்கிறது இந்தக் கைங்க டாக்டர். ஊசி பிடிக்கிறதும் இதுதான்."

சாப்பிடுவதும் கையெழுத்துப் போடுவதும் மட்டும்தான் வலது கை. அந்த இரண்டும் சின்ன வயதில் உப்பிலியபுரத்தில் அம்மா கரண்டிக் காம்பால் அடித்துப் பழக்கியவை. முகூர்த்தத் துணியை இடது கையால் வெட்டுகிறாள் என்று தெரிந்தால் ஒருத்தியும் கொடுக்க மாட்டாள் என்பதால், வாசல் கதவைச் சாத்திக்கொண்டுதான் வெட்டுவாள். ஆனால் அவள் கதவைச் சாத்தியது தெருவுக்கு. இளவரசன் பதினெட்டு வருஷமாக அதே கூடத்தில், மிஷினுக்கு எதிரில் உட்கார்ந்துதான் டிபன் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறான்.

டாக்டரம்மா பேனாவை எடுத்து ஃபைலில் அந்த வரியை அடித்தார். புதுத் தாள் ஒன்றை உருவி எழுத ஆரம்பித்தார்.

இளவரசன் மேசை மேல் கிடந்த கையைப் பார்த்தான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"எப்பலேர்ந்து ஜோதி?" என்று கேட்டான்.