சாக்குச் சொல்ல முடியாத கார்

பந்தயத் திடலின் கொட்டகையில் ஒற்றை இருக்கைக் கார்கள் இரண்டு நின்றன. கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி ஓட்டிப் பழகிய தாரிணி, அடுத்த வருஷம் எந்தப் போட்டித் தொடரில் ஓட்டுவது என்று அன்று முடிவெடுக்க வேண்டும். அவளுடைய ஹெல்மெட் இரண்டு கார்களையும் விசாரித்தது.

“எங்க தொடர்ல வேகம் அதிகம். ஒவ்வொரு டீமும் தன் காரைத் தானே செதுக்கும்,” என்றது சிவப்புக் கார். “இவன் தொடர்ல என்ன இருக்கு? பாவம், ஸ்கூல் பஸ்!”

“இருக்கட்டும் அண்ணே,” என்றது சாம்பல் கார். “எங்ககிட்ட எல்லாக் காரும் ஒரே மாதிரிதான். அதையும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் சீட்டுக் குலுக்கி மாத்திக் கொடுத்துடுவாங்க.”

“ஐயோ! அப்போ தோத்துட்டா கார் சரியில்லைன்னு சொல்ல முடியாதே!” என்று சிவப்பு பதறியது.

“முடியாதுதான்.”

தோற்ற நாட்களில் எல்லாம், “எஞ்சின் இழுக்கல” என்று தாரிணி முனகியது ஹெல்மெட்டுக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

இரண்டு தொடர்களின் விதிகளையும் படித்து முடித்திருந்த தாரிணி உள்ளே வந்து ஹெல்மெட்டை மாட்டினாள். முகக் கண்ணாடியை இறக்கியதும், “பயமா இருக்கு,” என்று மெல்லச் சொன்னாள்.

பிறகு சாம்பல் காரில் ஏறி உட்கார்ந்தாள்.